கடலை மாவு டோஸ்ட்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

பால், முட்டை, வெண்ணெய் எதுவும் இல்லாமல் சட்டென்று செய்துவிட்டு, மத்தியானம் வரை பசி தாங்குகிற காலை உணவு ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது கடலை மாவு டோஸ்ட்தான். சில வருடங்களாக வாரத்தில் இரண்டு மூன்று காலை எங்கள் சென்னை வீட்டில் இதுதான். மற்ற நாட்களில் இட்லி, தோசை, உப்புமா உண்டு. இட்லி மாவு தீர்ந்துபோன நாள், பள்ளி வேன் முன்னதாக வந்துவிடுகிற நாள், தண்ணீர் வராமல் எல்லாம் தள்ளிப்போகிற நாள், இந்த மாதிரிக் காலைகளில் இது என்னைக் கைவிட்டதே இல்லை. இன்னும் எத்தனையோ டோஸ்ட் செய்து பார்த்தேன். சிலது ருசியில் இதைவிட மேல். ஆனாலும் பழக்கமாகத் தங்கியது இதுதான், அதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

மகளுக்குப் பாலும் முட்டையும் ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் தேட ஆரம்பித்தேன். அவளுக்கென்று தனியாக, நமக்கென்று தனியாக என்று இரண்டு சமையல் செய்வது எனக்குப் பிடிக்காது. எல்லோரும் ஒரே தட்டில் உள்ளதைச் சாப்பிட வேண்டும். பிரெட்டில் வெறும் ஜாம் தடவிக் கொடுத்தால் பத்து மணிக்கே பசி வந்துவிடும். மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்தால் அப்படித்தான். புரதம் வேண்டும், நார்ச்சத்து வேண்டும், அதுவும் காலையில் ஊற வைத்து அரைக்கிற வேலை இல்லாமல் வேண்டும். கடலை மாவு இந்த மூன்றுக்கும் பொருந்தியது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் கடலை மாவில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. இரண்டு துண்டு பிரெட்டுக்கு நான் எடுப்பது நாலைந்து மேசைக்கரண்டி, அதாவது சுமார் 35 கிராம். அதில் 7 கிராம் புரதம் வந்துவிடும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். பிரெட்டிலும் நாலைந்து கிராம் உண்டு. அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சேர்க்கை. கோதுமைப் புரதத்தில் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு, பருப்பு வகையில் அது தாராளம்; பருப்பில் குறைகிற மெத்தியோனின் என்கிற அமினோ அமிலத்தைக் கோதுமை ஈடு கட்டும். அரிசியும் உளுந்தும் சேர்ந்து இட்லி ஆவதில் உள்ள அதே பொருத்தம் இதிலும் இருக்கிறது.

இப்போது செய்முறை. பிரெட்டைக் கரைசலில் முக்கிப் போடுவதுதான் பலரும் செய்வது. முக்கினால் பிரெட் தண்ணீரைக் குடித்து உள்ளே கொழகொழவென்று ஆகும், மாவும் நடுவில் வேகாது, அதை வேகவைக்கப் போய் எண்ணெய் இரட்டிப்பாகும். நான் முக்குவதில்லை, தடவுகிறேன்.

கடலை மாவில் மஞ்சள் தூள், ஓமம், ஒரு சிட்டிகை பெருங்காயம், கொஞ்சம் உப்பு சேர்த்து, மாவின் அளவில் பாதி தண்ணீர் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். பஜ்ஜி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியால் எடுத்தால் நிற்கிற பதம். ஐந்து நிமிடம் அப்படியே விட்டால் மாவு தண்ணீரை இழுத்துக்கொண்டு இன்னும் இறுகும். அந்த நேரத்தில் வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி எல்லாம் பொடியாக நறுக்கிக்கொள்ளலாம். வெங்காயத்தைக் கடைசியில்தான் கலக்க வேண்டும். முன்பே போட்டால் உப்பு பட்டுத் தண்ணீர் விட்டு, பதம் கெட்டுவிடும். உப்பைப் பொறுத்தவரை கை கொஞ்சம் அடங்கியே இருக்கட்டும். பிரெட்டிலேயே உப்பு இருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, நம் சாம்பாரிலும் ஊறுகாயிலுமே சுலபமாகத் தாண்டிவிடக்கூடியது.

கல் சூடானதும் பிரெட்டை எண்ணெய் இல்லாமல் இரண்டு பக்கமும் லேசாக வாட்டி எடுத்துவிடுகிறேன். இந்த ஒரு வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாட்டிய பிரெட் ஈரத்தைச் சீக்கிரம் இழுக்காது, கடைசி வரை மொறுமொறுப்பு நிற்கும். அப்புறம் ஒரு பக்கம் மட்டும் மாவைக் கனமாகத் தடவி, கல்லில் அரைக் கரண்டி கடலெண்ணெய் விட்டு, மாவுப் பக்கம் கீழே வருகிற மாதிரி போட வேண்டும். தீ மிதமாக இருக்கட்டும். தோசைத் திருப்பியால் லேசாக அழுத்திவிட்டு மூன்று நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். வெந்ததும் மாவு தானாகக் கல்லை விடும். அதற்கு முன் கிளறினால் பாதி கல்லிலேயே தங்கும். திருப்பிப் போட்டு மேல் பக்கம் ஒரு நிமிடம். நடுவில் விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. பச்சை வாடை போகாத கடலை மாவு வயிற்றுக்குச் சங்கடம், ருசியும் கசந்து நிற்கும். அவசரத்தில் தீயைக் கூட்டினால் மேலே கருகி உள்ளே பச்சையாகவே இருக்கும். வேறு எந்த இடத்தில் வேண்டுமானாலும் நேரத்தை மிச்சம் பிடிக்கலாம், இந்த இடத்தில் வேண்டாம்.

நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு நல்ல வழி, உலர்ந்த கலவையை முன்பே செய்து வைப்பது. கடலை மாவை வாணலியில் சின்னத் தீயில் வாசனை வரும் வரை வறுத்து, ஆறியதும் ஓமம், மஞ்சள், பெருங்காயம், உப்பு சேர்த்து பாட்டிலில் போட்டுவிட்டால் காலையில் தண்ணீர் விட வேண்டியதுதான் பாக்கி. வறுத்த மாவில் ஒட்டும் தன்மை கொஞ்சம் குறையும், ஆனால் பச்சை வாடை பெருமளவு முன்பே போய்விடும். ஓமம் சேர்ப்பது வாசனைக்கு மட்டும் இல்லை. கடலை மாவு வாயு என்று பயப்படுகிற எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஓமம் போட்டால் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள்.

மாவைப் பற்றி நிறையச் சொல்லலாம். பாக்கெட் மாவில் செய்வதற்கும் மில்லில் அரைத்த மாவில் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் முதல் கடியிலேயே தெரியும். கடலைப் பருப்பை வாங்கி ஒரு நாள் வெயிலில் காய வைத்து மில்லுக்குக் கொண்டுபோகிறேன். எனக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று பார்த்துத்தான் கொடுப்பேன். மிளகாய்த் தூள் அரைத்த கையோடு நம் பருப்பைப் போட்டால் மாவு முழுக்க நெடி ஏறிவிடும். கோதுமையோ அரிசியோ அரைத்த பிறகு போட்டால் பிரச்சினை இல்லை. சில்லறையாக மலிவு விலையில் விற்கிற கடலை மாவில் பட்டாணி மாவு கலப்பது நம் ஊரில் புதிதில்லை, கேசரிப் பருப்புக் கலப்படமும் கேள்விப்பட்டதுதான். பருப்பாக வாங்கினால் கண்ணால் பார்த்து வாங்கலாம். சென்னையின் ஈரக் காற்றில் மாவு வெளியே இருந்தால் வண்டு வைத்துவிடும், அதனால் கொஞ்சமாக அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்கிறேன்.

பிரெட் வாங்குவதில் பால் ஒவ்வாமை உள்ள வீடுகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பச்சைப் புள்ளி இருந்தால் சைவம் என்றுதான் பொருள், பால் இல்லை என்று பொருள் இல்லை. பால் பவுடர் சேர்த்த பிரெட்டுக்கும் பச்சைப் புள்ளிதான். பாக்கெட்டின் பின்னால் ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனியாக அச்சிட்டிருப்பார்கள், அந்த வரியைப் படிக்காமல் வாங்காதீர்கள். 2022இல் வீகன் உணவுக்கு, அதாவது பால் உள்பட விலங்குகளிடமிருந்து வரும் எதுவும் சேராத உணவுக்கு, தனி விதிமுறை வந்த பிறகு அதற்கென்று முத்திரையும் இருக்கிறது, ஆனால் எல்லா பிரெட்டிலும் அதை எதிர்பார்க்க முடியாது. தெருமுனை பேக்கரியில் வாங்கினால் என்னென்ன சேர்க்கிறீர்கள் என்று வாயால் கேட்டுவிட வேண்டும்.

நிறத்தைப் பார்த்துக் கோதுமை பிரெட் என்று நம்பவும் வேண்டாம். பொருள்கள் எடை வரிசையில்தான் அச்சாகும். முதலில் மைதா என்று இருந்தால் அது மைதா பிரெட். 150 என்ற எண் பட்டியலில் இருந்தால் அந்தப் பழுப்பு கேரமல் நிறத்தால் வந்தது. பிரெட்டில் போட்டுவந்த பொட்டாசியம் புரோமேட்டை 2016இல் நம் நாட்டில் தடை செய்தார்கள், அந்தக் கவலை ஒன்று குறைந்தது. முழுக் கோதுமை பிரெட் கொஞ்சம் கனமாக, சீக்கிரம் உதிர்வதாக இருக்கும். கடலை மாவு பூச்சு அதைப் பிடித்து நிறுத்திவிடுவதால் இந்த டோஸ்ட்டுக்கு அதுவே நல்லது.

மழைக்காலத்தில் பிரெட்டை வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கிறது, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் விறைத்துப்போகிறது. குளிர்ச்சியில் மாவுச்சத்து சீக்கிரம் இறுகுவதுதான் காரணம். ஃப்ரீசரில் வைத்தால் இரண்டும் இல்லை. எடுத்து நேரே கல்லில் போடலாம்.

கல் என்றதும், இரும்பு தோசைக்கல்தான் என் தேர்வு. நன்றாகப் பழகிய கல்லாக இருந்தால் நான்ஸ்டிக் தவாவுக்கு எந்த விதத்திலும் குறைவில்லாமல் டோஸ்ட் எழும்பி வரும், நிறமும் இதில்தான் அழகாக ஏறும். சாண்ட்விச் மேக்கரிலும் செய்து பார்த்தேன். மாவு ஓரங்களில் வழிந்து இறுகி, தேய்த்துக் கழுவுகிற நேரம் சமைத்த நேரத்தைவிட அதிகமானது. டோஸ்டருக்கு இதில் வேலையே இல்லை.

மாவோடு என்ன கீரை சேர்ப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: முருங்கைக்கீரை. இரும்புச்சத்தும் கால்சியமும் உள்ளது, தண்ணீர் விடாது, முதல் நாள் இரவு உருவி டப்பாவில் போட்டு வைத்தால் காலையில் கழுவி அப்படியே கலந்துவிடலாம். சின்னக் காம்புகூட இல்லாமல் ஆய வேண்டும், காம்பு வாயில் தட்டினால் பிள்ளைகள் மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார்கள். அடுத்தபடியாக வெந்தயக்கீரை, அதன் லேசான கசப்பு கடலை மாவோடு அருமையாகச் சேரும். பாலக் தண்ணீர் விடுவதால் நான் சேர்ப்பதில்லை. கீரையில் உள்ள இரும்பு உடம்பில் சேர வைட்டமின் சி துணை வேண்டும், அதனால் டோஸ்ட் மேல் எலுமிச்சை பிழிந்துவிடுகிறேன், அல்லது பக்கத்தில் ஒரு கொய்யாத் துண்டு. டீ அந்த இரும்பைத் தடுக்கும். கூடவே குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கிறோம். காலை டீ இல்லாமல் முடியாத என் கணவருக்கு இந்த மாற்றம் பழக நாளானது, இப்போது அவரே கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

மற்ற டோஸ்ட்டுகளில் இரண்டாம் இடம் வேர்க்கடலைக்கு. வறுத்த வேர்க்கடலை, பூண்டு, காய்ந்த மிளகாய், துளி புளி வைத்துக் கெட்டியாக அரைத்த சட்னியை வாட்டிய பிரெட்டில் தடவி, மேலே வெள்ளரி வில்லைகள் அடுக்கினால் அடுப்பில் நிற்கும் வேலை மிகக் குறைவு. கடையில் விற்கும் பீநட் பட்டர் சிலவற்றில் சர்க்கரையும் பாமாயிலும் சேர்ந்திருக்கும். வேர்க்கடலையை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினால் அதன் எண்ணெயிலேயே அது வெண்ணெய் பதத்துக்கு வந்துவிடும், வேறொன்றும் தேவையில்லை. நவராத்திரி சமயத்தில் மீந்த கொண்டைக்கடலைச் சுண்டலை மசித்து, வறுத்த எள்ளுப்பொடியும் எலுமிச்சையும் கலந்து தடவுவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. பட்டர் ஃப்ரூட் டோஸ்ட் எனக்கு ருசியில் முதலிடம். கொடைக்கானல் கீழ்மலைப் பக்கம் காப்பித் தோட்டங்களில் விளைகிற பழம் வரத்து உள்ளபோது வாங்குவேன். ஆனால் அது நம் அவசரத்துக்குப் பழுக்காது, விலையும் வாரம் முழுக்க வாங்குகிற விலை இல்லை, அதில் உள்ளது பெரும்பாலும் நல்ல கொழுப்பு, புரதம் குறைவு. அதனால் அது ஞாயிற்றுக்கிழமை டோஸ்ட். டோஃபு உதிர்த்துச் செய்ததை வீட்டில் யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை.

குறைகளும் உண்டு. ஆறினால் கடலை மாவு டோஸ்ட் இறுகிவிடும், சூடாகச் சாப்பிடுவதுதான் சரி. செடி உணவில் பி12 கிடைக்காது. பால், முட்டை, மீன் எதையும் தொடாதவர்கள் அதற்கு டாக்டரிடம் கேட்டு வழி செய்துகொள்ளத்தான் வேண்டும், எந்த டோஸ்ட்டும் அதை ஈடு செய்யாது. சர்க்கரை உள்ள என் மாமனாருக்கு ஒரு துண்டுதான் வைக்கிறேன், மாவைக் கனமாகத் தடவிப் பக்கத்தில் காய் நிறைய. கடலை மாவு மெதுவாகச் செரிக்கும் என்றாலும் கீழே இருப்பது பிரெட்தான்.

டிபன் பாக்ஸில் கொடுப்பதாக இருந்தால் சுட்டவுடன் மூடாதீர்கள். ஆவி உள்ளேயே நின்று மாவுப் பக்கம் பிசுபிசுத்துவிடும். சல்லடைத் தட்டைக் கவிழ்த்து அதன் மேல் ஐந்து நிமிடம் ஆற விட்டு, மாவுப் பக்கங்கள் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி அனுப்பினால் பத்தரை மணி இடைவேளை வரை நன்றாகவே இருக்கிறது. கூடவே தக்காளித் தொக்கு வைத்தால் டப்பா காலியாக வருகிறது; தேங்காய்ச் சட்னி வெயிலில் கெட்டுவிடும் என்பதால் அது வீட்டில் சாப்பிடும் நாளுக்கு மட்டும்.

பிரெட் வாங்க மறந்த நாளில் இதே மாவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கல்லில் அடை மாதிரி ஊற்றிவிடுகிறேன். அதற்கும் முருங்கைக்கீரைதான்.