ஒரே ஜிமிக்கி, நாலு மெருகு

அக்கா மகளுக்கு வெள்ளி ஜிமிக்கி வாங்கப் போயிருந்தோம். ஒரே அச்சில் செய்த நாலு ஜோடியைக் கடைக்காரர் வெல்வெட் தட்டில் வரிசையாக வைத்தார். ஒன்று சாதா பாலிஷ், பால் வெள்ளை. ஒன்று குழியெல்லாம் கறுத்து மேடு மட்டும் வெளுத்த ஆக்சிடைஸ்டு. மூன்றாவது ரோடியம் பூசியது, புது ஸ்டீல் டம்ளர் மாதிரி லேசாக நீலம் பாய்ந்த மினுமினுப்பு. நாலாவது தங்க முலாம். "எல்லாத்துலயும் 925னுதானே போட்டிருக்கு, அப்புறம் ஏன் சித்தி விலை மட்டும் வேற வேற?" என்றாள்.

நியாயமான கேள்விதான். 925 என்பது உள்ளே இருக்கும் உலோகத்தின் கணக்கு. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. மேலே என்ன பூசியிருக்கிறார்கள், எவ்வளவு கனத்துக்குப் பூசியிருக்கிறார்கள் என்று அந்த முத்திரை சொல்லாது. கடை விளக்கில் நாலுமே அழகாகத்தான் இருக்கும். ஆறு மாதம் போட்ட பிறகு எது எப்படி இருக்கும், அழுக்கானால் நாமே சரிசெய்ய முடியுமா, இதை வைத்துத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

சாதா பாலிஷின் ஒரே குறை, கருக்கும். "உடம்புல சூடு ஜாஸ்தி, அதான் கொலுசு கருக்குது" என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் கறுப்புக்குக் காரணம் கந்தகம். காற்றில் துளித்துளியாக இருக்கும் கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து கறுப்பான சல்ஃபைடு படலமாகப் படிகிறது. வியர்வையும் ஈரக்காற்றும் அதை வேகப்படுத்தும். முட்டை, கம்பளி, ரப்பர் பேண்டு எல்லாவற்றிலும் கந்தகம் உண்டு. ஆளுக்கு ஆள் வியர்வை மாறுவதால் ஒரே கடையில் வாங்கிய கொலுசு அக்கா காலில் பளிச்சென்றும் தங்கை காலில் மங்கியும் இருப்பது நடக்கக்கூடியதே. ஆனால் பெட்டிக்குள் பூட்டி வைத்த கொலுசைவிட தினமும் போடும் கொலுசு குறைவாகவே கருக்கும், கவனித்திருக்கிறீர்களா? புடவைக் கரையும் பாயும் உரசி உரசியே மெருகேற்றிக்கொண்டிருக்கும்.

கருத்தால்தான் என்ன? பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரை வந்ததும் பழைய பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, பிறகு விபூதி தொட்ட துணியால் துடைத்தால் வெள்ளை திரும்பிவிடும். பற்பசை வேண்டாம், அதிலுள்ள பொடி மெல்லிய கீறல் போட்டுவிடும். ரொம்பக் கருத்துப் போனால் கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, நகையை அதன்மேல் படும்படி வைத்து, ஆப்ப சோடாவும் கொதிநீரும் ஊற்றினால் போதும். கந்தகம் வெள்ளியை விட்டுவிட்டு அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும். லேசாக அழுகிய முட்டை வாடை வரும், பயப்பட வேண்டாம். கல் பதித்ததையும் முத்து கோத்ததையும் மட்டும் இதில் போடக்கூடாது. சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறை பட்டறையாகச் செய்யும் கொலுசுகளை எத்தனை வருஷம் போட்டாலும் கடையில் கொடுத்துப் பாலிஷ் போட்டால் புதுசாகிவிடுவதற்கும் காரணம் இதுதான். உள்ளே இருப்பதுதான் வெளியேயும் இருக்கிறது, உரிந்துபோக மேலே ஒன்றுமில்லை.

ஆக்சிடைஸ்டு என்ற பெயரே பொய். ஆக்சிஜனுக்கு அதில் பெரிய வேலை இல்லை. சாதா வெள்ளியில் தானாக வரும் அதே கந்தகக் கறுப்பைப் பட்டறையில் வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். கந்தகக் கரைசலில் முக்கினால் நகை முழுவதும் கருத்துவிடும். பிறகு மேடான இடங்களை மட்டும் தேய்த்து வெளுக்க வைப்பார்கள். மயில் கழுத்து, தாமரை இதழ், யாளி முகம் என்று சித்திர வேலை உள்ள நகைக்கு இதை அடித்துக்கொள்ள வேறு மெருகு கிடையாது. கறுப்பு குழியில் உட்காருவதால் கோடு ஒவ்வொன்றும் எழுந்து தெரியும். சித்திரமே இல்லாத வழவழப்பான வளையலுக்கு இதைப் போட்டால் வீண். ஒதுங்க இடமில்லாமல் சில மாதத்தில் கறுப்பு திட்டுத் திட்டாக அழிந்துவிடும்.

இதைக் கழுவும் விஷயத்தில் நானே ஒரு முட்டாள்தனம் செய்திருக்கிறேன். மீன் செதுக்கிய ஆக்சிடைஸ்டு மோதிரம் ஒன்றை, மேலே சொன்ன சோடா குளியலில் மற்றதோடு சேர்த்துப் போட்டுவிட்டேன். செயற்கைக் கறுப்பும் சல்ஃபைடுதானே, அதையும் சேர்த்தே கழற்றிவிட்டது. செதிலும் கண்ணும் மறைந்து, எடுத்துப் பார்த்தால் மீன் வெறும் வெள்ளைக் கட்டியாகக் கிடந்தது. உலர்ந்த துணியால் மேட்டை மட்டும் துடைத்தாலே ஆக்சிடைஸ்டுக்குப் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. தெருவோரம் 'ஆக்சிடைஸ்டு' என்று குவித்து வைத்திருப்பவற்றில் பெரும்பாலானவை ஜெர்மன் சில்வர் போன்ற கலப்பு உலோகங்கள். ஜெர்மன் சில்வர் என்றால் செம்பு, நிக்கல், துத்தநாகம், வெள்ளி பொட்டுக்கூட இல்லை. நிக்கல் ஒத்துக்கொள்ளாத காது இரண்டு நாளில் சிவந்து நீர் கசியும். வெள்ளி என்றால் கிராம் கணக்கில் எடை போட்டு விற்பார்கள் அல்லது முத்திரையைக் காட்டுவார்கள். ஜோடி இவ்வளவு என்று மட்டும் சொன்னால் யோசியுங்கள்.

ரோடியத்துக்கு வருவோம், அக்கா மகளின் கண் அதன் மேல்தான் இருந்தது. பிளாட்டினம் குடும்பத்து உலோகம், கெட்டியானது, கருக்காது. விலையோ அநியாயம். 2021இல் தங்கத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் போனது. அதனால் மின்முலாமாக, பெரும்பாலும் ஒரு மைக்ரானில் பாதிகூட வராத கனத்தில்தான் பூசுகிறார்கள். மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். இவ்வளவு மெல்லிய தோல் உரசலில் தேயாமல் என்ன செய்யும்? மோதிரத்தில் முதலில், அடுத்து பிரேஸ்லெட்டில், காதணியில் கடைசியாக. எனக்கிருந்த பிரேஸ்லெட் ஒன்றரை வருஷம் கண்ணாடி மாதிரி இருந்தது. பிறகு கொக்கியைச் சுற்றியும் வளைவுகளிலும் மஞ்சளாய், பழுப்பாய் திட்டுகள் வந்தன. சாதா வெள்ளி ஒரே சீராகக் கருக்கும், ரோடியம் போட்டது புண் மாதிரி இடம் பார்த்துக் கருக்கும். தேய்த்துக் கழுவவும் வழியில்லை, தேய்த்தால் மீதித் தோலும் போகும். அறுந்ததைப் பற்றவைத்தால் சூட்டில் அந்த இடம் நிறம் மாறி, திரும்ப முலாம் போட வேண்டியிருக்கும். சின்ன வெள்ளைக் கல் வரிசை வைத்த தோடு, அதுவும் உரசல் படாத இடத்தில், அதற்கு மட்டும் ரோடியத்துக்கு என் ஓட்டு உண்டு. இடுக்கில் கறுப்பு ஏறினால் கல்லின் ஒளியே செத்துவிடும், அந்தத் தொல்லை இதில் இல்லை.

மேட் ஃபினிஷ் தட்டில் இல்லை, ஆனாலும் கேட்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. மணல் அடித்தோ கம்பி பிரஷால் தேய்த்தோ மங்க வைப்பது அது. போடப் போட விரல் பட்டு மேட் பளபளக்கும், பாலிஷ் கீறல் விழுந்து மங்கும், இரண்டு வருஷத்தில் இரண்டும் பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும். மோதிரத்துக்கு மேட் ஃபினிஷுக்கென்று தனியாகக் கூலி கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தங்க முலாமில் மைக்ரான் கேட்காமல் வாங்காதீர்கள். அமெரிக்காவில் வெர்மெய் என்று பெயர் சொல்லி விற்க, வெள்ளி மேல் தங்கம் குறைந்தது 2.5 மைக்ரான் கனம் வேண்டும். நம் கடைகளில் பெயரளவுக்கு முலாமில் முக்கி எடுத்ததும் இருக்கும், கனமாகப் போட்டதும் இருக்கும், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மெல்லியதில் அடியிலுள்ள வெள்ளியும் செம்பும் நாளடைவில் தங்கத்தின் ஊடே மேலே ஏறிக் கருத்துவிடும். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளும் வெள்ளி அடித்தளத்தில் தங்கம் ஏற்றியவைதானே, அவை மட்டும் எப்படி நிற்கின்றன என்று கேட்கலாம். அங்கே பூசுவதில்லை, தங்கத் தகடு போர்த்துகிறார்கள். தவிர, நெத்திச்சுட்டியும் ராக்கொடியும் அரங்கேற்றத்தில் சில மணி நேரம் இருந்துவிட்டு, துடைத்துப் பஞ்சுக்குள் போய்விடும். கல்லூரிக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும் காதுக்கு அந்தச் சொகுசு கிடையாது.

திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரர் எடைக்கும் வெள்ளித் தரத்துக்கும்தான் காசு போடுவார். ரோடியத்துக்கும் முலாமுக்கும் கொடுத்தது கொடுத்ததுதான்.

அவள் ரோடியத்தை இரண்டு தடவை காதில் வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஆக்சிடைஸ்டை எடுத்தாள். குடைக்குள் இருந்த கிளி அதில்தான் தெரிந்தது. கடைப் பையன் ரோஸ் காகிதத்தில் மடித்து, மேலே ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிக் கொடுத்தான். படியிறங்குவதற்குள் நான் அதைக் கழற்றிவிட்டேன்.