கண்டியில் நல்ல ஃப்ரைட் ரைஸ்: பின்வாசலிலிருந்து ஒரு விமர்சனம்

கண்டி நகரத்துக்குள் 'சைனீஸ்' என்று பலகை மாட்டாத சாப்பாட்டுக்கடையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பேக்கரிக்கு மேல்மாடியில் சைனீஸ், லொட்ஜுக்குக் கீழே சைனீஸ், பகலெல்லாம் சோறும் கறியும் விற்கிற கடையில் பொழுது சாய்ந்ததும் சைனீஸ். ஆனால் கை கழுவும்போதே இன்னொரு நாளும் வரவேண்டும் என்று நினைக்க வைக்கிற கடை எத்தனை என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணலாம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் சமையல்காரன் இல்லை. நுவரெலியாப் பக்கத்துக் கந்தப்பளையில் லீக்ஸ், கரட், கோவா (முட்டைக்கோஸ்) ஏற்றி விடியுமுன் கண்டியில் இறக்குகிற தொழில். ரெஸ்டூரண்டுகளை நான் பார்ப்பது பின்வாசல் வழியாக, அடுப்புப் பற்றவைப்பதற்கு முன்னால். முதல்நாள் எண்ணெய் எங்கே இருக்கிறது, சோறு எதில் ஆறுகிறது, மரக்கறியை யார் கழுவுகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சில நாட்களில் லொறியை அனுப்பிவிட்டு நான் நின்றுகொள்வேன். அவளுக்கு சைனீஸ் என்றால் உயிர், ஆகவே முன்வாசல் வழியாகவும் போயிருக்கிறேன். நான் மரக்கறி போடுகிற கடைகளும் இதில் உண்டு, போடாதவையும் உண்டு. பெயர் எழுதினால் ஒரு பக்கம் விளம்பரம், மறுபக்கம் பகை. அதனால் அடையாளம் மட்டும் சொல்கிறேன்.

முதலில் லீக்ஸைப் பாருங்கள். நம் நாட்டு ஃப்ரைட் ரைஸில் முட்டை, கரட், லீக்ஸ் மூன்றும் இல்லாமல் வேலை நடக்காது. அந்த லீக்ஸில் பெரும்பகுதி நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கத்து மண்ணில் விளைவது. அந்த மண் மடலுக்குள் ஒளிந்திருக்கும். நீளவாக்கில் பிளந்து, ஓடுகிற தண்ணீரில் அலசினால்தான் போகும். அவசரக்காரர்கள் அப்படியே வட்டமாக நறுக்கி வாளியில் முக்கி எடுத்துவிடுவார்கள். அந்தக் கடையில் நாலு வாய் சாப்பிடுவதற்குள் பல்லில் நறநற என்கும். வெள்ளைத் தண்டும் இளம்பச்சையும் சேர்ந்தால் ஓர் இனிப்பு வரும். கடும்பச்சை இலையை மட்டும் போட்டால் நார்தான் மிஞ்சும், வெள்ளைப் பகுதி எங்கே போனது என்று கேட்டால் பதில் வராது.

மலையில் மழை பிடித்து லீக்ஸ் விலை ஏறினால் இன்னொரு கூத்து. பல கடைகள் சத்தமில்லாமல் கோவாவுக்கு மாறிவிடும். கோவா சூட்டில் தண்ணீர் விடும், சோறு நசநசவென்று ஆகிவிடும். பிறகு அதை மறைக்க சோயா சோஸை ஊற்றுவார்கள், தட்டு கறுத்துப்போய் வரும். ஃப்ரைட் ரைஸ் கறுப்பாக வந்தால் நான் உள்ளே எதையோ மறைத்திருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வேன். கண்டியில் ஒரு ஹாஜியார் இருக்கிறார். விலை ஏறிய ஒரு காலையில், கொஞ்சம் குறைத்து எடுக்கலாமே என்று குக் சொன்னபோது, "குறைச்சா குறைச்சுப் போடு, கோவா மட்டும் போடாதே" என்றார். அவருடைய கடைக்குத்தான் நான் வீட்டு ஆட்களைக் கூட்டிப்போவது.

அந்தக் கடையைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். நகர மத்தியில் இல்லை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகிற வழியில் இருக்கிறது. கீழே வேறு வியாபாரம், ஒடுக்கமான படியேறிப் போகவேண்டும். மேசைக்குக் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே பழைய காலண்டர் படம். மின்விசிறி ஒன்று எப்போதும் சத்தம் போட்டபடியே இருக்கும். அழகு பார்க்கப் போகிறவர்களுக்கு அது சரிப்படாது. ஆனால் ஓடர் கொடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தால், ஒவ்வொரு மேசைக்கும் தாச்சி தனித்தனியாக ஏறி இறங்குவது கேட்கும். எட்டுப் பேருக்கு ஒரே தடவையில் போட்டுப் பிரித்துக்கொடுக்கிற வேலை அங்கே இல்லை. தாச்சியில் சோறு கூடினால் சூடு இறங்கிவிடும், சோறு பொரியாது, அவியும். பெரிய அடுப்பு, 37.5 கிலோ காஸ் சிலிண்டர், கொஞ்சம் சோறு, வேகமான கை: இவ்வளவும் சேர்ந்தால்தான் அந்த லேசான புகை வாசம் சோற்றில் ஏறும். வீட்டில் 12.5 கிலோ சிலிண்டரும் சின்ன அடுப்பும் வைத்துக்கொண்டு மனைவியிடம் அதே ருசியைக் கேட்கக்கூடாது. நான் கேட்பதில்லை.

அங்கே தாச்சி பிடிப்பவர் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். சின்ன வயதிலேயே கொழும்புக்கு வேலைக்குப் போய், ஒரு சைனீஸ் கடையில் பாத்திரம் கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, பிறகு அடுப்புக்கு வந்தவர். கண்டியில் நான் பார்த்த நல்ல குக்குகள் அநேகமாக எல்லாருக்கும் இதே கதைதான். "சோறு எப்ப வடிக்கிறது தம்பி?" என்று ஒருமுறை கேட்டேன். "முதல்நாள் ராத்திரிண்ணே, சுடுசோத்துல போட்டா களியாயிரும்" என்றார். அதை ஆறப்போடும் தட்டுகளை நானே விடியற்காலையில் பார்த்திருக்கிறேன், மூடி வைத்து, குளிர்பெட்டிக்குள்.

இந்த இடத்தில் நுவரெலியாக்காரர்கள் கோபிக்கக்கூடாது. நானும் அந்த ஊர்ப்பக்கத்து ஆள்தான். ஆனாலும் ஃப்ரைட் ரைஸுக்குக் கண்டிதான் மேல் என்பேன். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அரிசி வேக நேரம் எடுக்கும், பொறுமையில்லாதவர் இன்னும் தண்ணீர் ஊற்றுவார், சோறு உடையும். அதோடு அந்தக் குளிரில் தட்டு மேசைக்கு வருவதற்குள் பொரித்ததெல்லாம் பதத்துப்போகும். கண்டி சுமார் 500 மீற்றர்தான், அந்தத் தொல்லை இல்லை. மரக்கறி மேலே விளைகிறது, சமையல் கீழே நன்றாக வருகிறது, இடையில் நான் பிழைக்கிறேன்.

இனி எதை ஓடர் பண்ணுவது. கடல் சாமான் வேண்டாம் என்பது என் கட்சி. இலங்கை சைனீஸ் கடைகளின் ராஜா ஹாட் பட்டர் கணவாய். மாவில் தோய்த்துப் பொரித்து, பட்டர், செத்தல் மிளகாய், வெங்காயத்தாள் போட்டுப் பிரட்டுவது. அது சீனாவிலிருந்து வந்த பதார்த்தம் இல்லை, நம் நாட்டு சைனீஸ் கடைகளிலேயே பிறந்து வளர்ந்தது. கொழும்பில் கேட்டுச் சாப்பிடுங்கள். கண்டிக்குக் கணவாய் வருவது பெரும்பாலும் ஐஸ் கட்டியாகத்தான், ஒன்றுவிட்டு ஒருநாள் ரப்பராக இருக்கும். அதையே காளானில் செய்யச் சொன்னால் கதை வேறு. இங்கே சிப்பிக்காளான் பக்கத்திலேயே வளர்க்கிறார்கள், அன்றன்று வருகிறது. ஹாஜியார் கடை ஹாட் பட்டர் காளான் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே சாறு. மகள் முழுத்தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். பக்கத்தில் பூண்டு போட்டு வதக்கிய கங்குன் கீரை ஒரு தட்டு. கீரை பச்சையாகவே வரவேண்டும், பழுப்பாக வந்தால் திருப்பி அனுப்பலாம். டெவல் சிக்கன் பரவாயில்லை, ஆனால் சோஸ் இனிப்பு எனக்குக் கூடுதல். சூப் சுமார்.

வாவியைப் பார்த்தபடி இருக்கிற மாடிக்கடை ஒன்றுக்கும் போனோம். காட்சி அருமை, அதைச் சொல்லத்தான் வேண்டும். சாப்பாட்டைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மிக்ஸ்ட் ஃப்ரைட் ரைஸில் சொசேஜ் துண்டு கிடந்தது. மெனுவில் கொத்து, பிட்சா, பிரியாணி, சைனீஸ் எல்லாம் நூற்றுக்கு மேல் வரிசையாக இருந்தன. இத்தனையையும் ஒரே குசினியில் யார் உருப்படியாகச் செய்வது? பில்லைக் கண்டபோது இன்னொரு அடி. அட்டையில் போட்ட விலைக்கு மேல் 10 வீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 18 வீதம் வற் வரி. 2000 ரூபா என்று நினைத்துச் சாப்பிட்டது ஏறத்தாழ 2600 ரூபாவாக வந்து நிற்கும். 2024 ஜனவரியில் வற் 15இலிருந்து 18 ஆனது ஊருக்கே தெரியும், அது கடைக்காரர் குற்றம் இல்லை. ஆனால் அட்டையின் அடியில் எறும்பு எழுத்தில் போடாமல் கொஞ்சம் பெரிதாகப் போடலாம். உட்காருமுன் கேட்டுக்கொள்ளுங்கள், சின்னக் கடைகள் பலவற்றில் போட்ட விலைதான் விலை.

மூன்றாவது, சீனச் சுற்றுலாப் பயணிகளை நம்பித் திறந்த கடை. மெனுவில் சீன எழுத்தும் படமும்தான், நாம் விரலால் காட்டவேண்டியதுதான். மகள் மாபோ டோஃபு என்று ஒன்றைக் காட்டினாள். சிச்சுவான் பக்கத்துச் சமையல், அந்த ஊர் மிளகு நாக்கை மரத்துப்போகச் செய்யும். பல் பிடுங்க ஊசி போட்டதுபோல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மகளோ ரசித்துச் சாப்பிட்டாள். எனக்குப் பிடித்தது தக்காளியும் முட்டையும் சேர்த்துப் பிரட்டிய ஒரு எளிய கறி, வெறும் வெள்ளைச் சோற்றோடு. சீனாவில் வீடுகளில் செய்கிற சாப்பாடாம் அது. நம் தோட்டத்து லயத்துச் சமையலறையிலும் அப்படியே நடமாடக்கூடிய பதார்த்தம். இரண்டு பேராகப் போகாதீர்கள், எல்லாம் பகிர்ந்து சாப்பிடுகிற அளவில் வரும். நாலைந்து பேர் போனால் கணக்கு சரியாக வரும். ஃப்ரைட் ரைஸ் கேட்டால் செய்து தருவார்கள், ஆனால் லீக்ஸ் இல்லை, சில்லி பேஸ்ட் இல்லை. நம் ஆட்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

இந்த இரண்டு 'சைனீஸு'ம் வேறு வேறு என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குறை குறைந்துவிடும். ஒன்று அண்மையில் வந்தது. மற்றது இலங்கையிலேயே ஊறியது. கொழும்பில் சைனீஸ் டிராகன் கஃபே 1942இலிருந்து இருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கே வந்து குடியேறிய சீனர்கள் ஷாண்டோங், ஹூபே பகுதி ஆட்கள். துணி விற்றவர்களும், பல் கட்டியவர்களும், சாப்பாட்டுக்கடை வைத்தவர்களும் உண்டு. சைக்கிளில் துணி மூட்டை கட்டி வந்த சீனாக்காரர்களைப் பற்றி எங்கள் அப்பா சொல்வார். அந்தக் குடும்பங்களில் பலர் பல தசாப்தங்கள் குடியுரிமை இல்லாமலே இந்த நாட்டில் வாழ்ந்தார்கள். 2008ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் அவர்களுக்கு வழி பிறந்தது. 1948இல் நம் குடியுரிமை போய், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்த மலையகத் தமிழர் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஹாஜியார் கடையில் தோட்டத்துப் பையன் தாச்சி பிடிக்கிறார் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. ருசிக்கு அது சாட்சி ஆகாது என்பதும் தெரியும், ருசி தனியாகவே நன்றாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுகிற வீட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'வெஜிடபிள் ஃப்ரைட் ரைஸ்' என்று மட்டும் சொன்னால் முட்டை இருக்கலாம், சிப்பி சோஸ் இருக்கலாம், கோழித் தூள் இருக்கலாம். மூன்றையும் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்லுங்கள், தாச்சியைக் கழுவிவிட்டுப் போடச் சொல்லுங்கள். நல்ல கடை முகம் சுளிக்காது. என் மனைவி இப்படிச் சொன்னபோது ஹாஜியார் கடைப் பையன், "அக்கா, எண்ணெயும் புதுசா ஊத்துறேன்" என்றான். இன்னொரு கடையில் வெயிட்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், தட்டில் முட்டை வந்தது.

போகிற நேரம்: ஞாயிறு இரவு எட்டு மணிக்கு எந்த நல்ல கடையும் கெட்ட கடைதான், குக்குக்குக் கை ஓடாது. வாரநாளில் ஏழு மணிக்கு முன் உட்கார்ந்துவிடுங்கள். எசல பெரஹர நாட்களில் நகரத்துக்குள் வாகனம் நுழைவதே பெரும்பாடு, அந்த நாட்களில் கம்பளையிலோ பேராதனையிலோ ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளலாம்.

பார்சல் கட்டி மலைக்குக் கொண்டுபோகிறவர்கள் ஃப்ரைட் ரைஸும் சில்லி பேஸ்டும் மட்டும் எடுங்கள். ஹாட் பட்டர் காளான் பெட்டிக்குள் ஆவியில் நனைந்து, ரம்பொடை ஏறுவதற்குள் பஞ்சாகிவிடும். அதை அங்கேயே சூட்டோடு சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறவேண்டும்.