"ஒபுசோன் கைத்தறி" என்று விற்கப்படும் சுவர்த் துணிகள்: காசு கொடுக்கமுன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

பிரான்ஸில் வீடு வாங்கி, வரவேற்பறைச் சுவருக்குப் பழைய காலத்துத் தபிஸ்ரி (படம் வைத்து நெய்த சுவர்த் துணி) ஒன்று மாட்டலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டு அலங்காரச் சந்தை ஒன்றில் "ஒபுசோனில் கையால் நெய்தது" என்று சொல்லி எங்களுக்கு ஒரு துணியை 2,900 யூரோவுக்கு விற்றார்கள். ஒபுசோன் இந்த நெசவுக்குப் பேர்போன பிரெஞ்சு ஊர். ஆனால் அந்தத் துணி கைத்தறியும் இல்லை, ஒபுசோனும் இல்லை. காசு இன்னும் திரும்பி வரவில்லை. பிணக்கு முடியாததால் விற்றவரின் பெயரை இங்கே போடவில்லை. பெயர் பெரிதும் தேவையில்லை என்றும் நினைக்கிறேன். இதே பேச்சை, கிட்டத்தட்ட இதே வரிசையில், பிறகு வேறொரு சந்தையில் வேறொருவர் வாயாலும் கேட்டேன்.

எங்கள் வீடு பாரிஸுக்கு வெளியே இருக்கும் பழைய கல்வீடு. கூரை உயரம், சுவர் வெறுமை, கதைத்தால் எதிரொலிக்கும். அந்தக் காலத்துப் பிரபுக்கள் கோட்டைச் சுவர்களில் கம்பளி நெசவைத் தொங்கவிட்டது அழகுக்காக மட்டும் இல்லை, குளிருக்கும் அது உதவியது. எங்களுக்கும் அந்த எண்ணம்தான். நான் விரும்பியது "வெர்தூர்" என்று சொல்லும் வகை: மனிதர்கள் இல்லாமல் மரங்கள், அகன்ற இலைகள், ஓரத்தில் ஒரு கொக்கு, தூரத்தில் சின்னதாய் ஒரு கோட்டை. 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் ஒபுசோன் தறிகளில் இந்த வகை நிறைய நெய்யப்பட்டது.

விற்பனையாளர் நன்றாக உடுத்திய, நடுத்தர வயது மனிதர். அவருடைய கெட்டித்தனம் என்னவென்றால், சொன்னதில் பெரும்பகுதி உண்மை. ஒபுசோன் க்ரூஸ் மாவட்டத்தில் உள்ள சிறு நகரம், உண்மை. பதினான்காம் லூயி காலத்தில், கொல்பேர் அமைச்சராக இருந்தபோது, 1665இல் அங்குள்ள பட்டறைகளுக்கு அரச பட்டறை என்ற பட்டம் கிடைத்தது, உண்மை. பாரிஸின் கோப்லன் அரச பட்டறை 1662, போவே நகரத்து அரச பட்டறை 1664, அதுவும் சரி. 2009இல் யுனெஸ்கோ ஒபுசோன் நெசவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது, அதுவும் சரி. பக்கத்தில் ஒரு திரையில் காணொளியும் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு பெண் தறியில் குனிந்து நெய்துகொண்டிருந்தார். இவ்வளவையும் சொல்லிவிட்டுத் தன் துணியைக் காட்டி "இதுவும் அந்தக் கைகள்தான், மதாம்" என்றார். வரலாறு முழுக்கச் சரியாக இருந்ததால், கடைசி வசனமும் அதோடு சேர்ந்து உள்ளே போய்விடுகிறது.

ஆதாரம் என்று இரண்டு காட்டினார். ஒன்று, துணியைச் சுற்றி இருந்த நீலக் கரை. 18ஆம் நூற்றாண்டில் ஒபுசோன் நெசவுக்கு நீலக் கரையும் பக்கத்து ஊர் ஃபெல்தனுக்குப் பழுப்புக் கரையும் என்று விதி இருந்தது உண்மைதான். ஆனால் நீலநிறப் பட்டி எந்தத் துணிக்கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். இரண்டாவது, தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழ். அதில் கையெழுத்து வைத்தவரும் அவரே.

பின்பக்கம் முழுவதும் பழுப்பு நிறக் காடாத் துணி வைத்துத் தைத்திருந்தது. கொஞ்சம் பிரித்துக் காட்டச் சொல்லி என் கணவர் கேட்டார். "தையலைத் தொட்டால் உத்தரவாதம் போய்விடும்" என்று பதில். உத்தரவாதம் எதற்கு என்று நான் கேட்டதற்குச் சிரித்தார். விலை 4,800, சந்தையின் கடைசி நாள் என்பதால் 2,900. அட்டையை நீட்டினோம்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. எங்கள் துணி 2 மீட்டருக்கு 1.5 மீட்டர், அதாவது 3 சதுர மீட்டர். ஒரு நெசவாளர் மாதத்துக்குச் சுமார் ஒரு சதுர மீட்டர்தான் கையால் நெய்ய முடியும். நுணுக்கம் கூடினால் அதுவும் குறையும். பிரான்ஸில் சட்டப்படி கொடுக்கவேண்டிய ஆகக்குறைந்த சம்பளம், பிடித்தங்கள் போக, மாதம் 1,400 யூரோவுக்குச் சற்று மேல். மூன்று மாதக் கூலியே 4,200ஐத் தாண்டுகிறது. இன்னும் கம்பளி, சாயம், மாதிரி ஓவியம் வரைந்தவருக்கான பங்கு, பட்டறை வாடகை, விற்பவரின் இலாபம் எதுவும் சேரவில்லை. ஆகவே புதிதாகக் கையால் நெய்த 3 சதுர மீட்டர் 2,900க்குக் கிடைக்கவே வழியில்லை. பழையது வேறு கதை. சேதமான 18ஆம் நூற்றாண்டு வெர்தூர் துண்டுகள் ஏலத்தில் புதியதைவிட மலிவாகப் போவது உண்டு. ஆனால் விற்றவர் தன்னுடையது புதியது என்றுதான் சொன்னார்.

உண்மை வெளிவந்தது எங்கள் தெருவில் பழைய கதிரைகளுக்கும் சோபாக்களுக்கும் துணி அடிக்கும் ஒரு முதியவரால். சுவரில் கம்பி பொருத்த உதவிக்கு வந்தவர், துணியைக் கையில் தூக்கியவுடனேயே முகத்தைச் சுளித்தார். "மெல்லிசாக இருக்கிறதே" என்றார். கீழ் மூலையில் நாலு தையலைப் பிரித்துக் காடாத் துணியை விலக்கினார். உள்ளே படம் இல்லை. நீளவாக்கில் நிறக் கோடுகள், முன்பக்கம் பச்சையாக இருந்த இடத்தில் பழுப்பு, பழுப்பாக இருந்த இடத்தில் பச்சை. "ஜக்கார்டு" (இயந்திர நெசவு) என்று ஒற்றைச் சொல்லோடு கம்பியைப் பொருத்தும் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

வித்தியாசம் இதுதான். கைத்தறித் தபிஸ்ரியில் ஊடை நூல் (குறுக்காக ஓடும் நிற நூல்) ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போவதில்லை. ஒவ்வொரு நிறமும் தன் இடத்துக்குள் மட்டும் போய்த் திரும்பும், முடிந்த இடத்தில் நூல் நிற்கும். ஒபுசோனில் தறி படுக்கை வாக்கில் இருக்கும். மாதிரி ஓவியம் பாவுக்கு (தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல்களுக்கு) கீழே, நெசவாளர் பின்பக்கத்தைப் பார்த்தபடிதான் நெய்வார். அதனால் பின்பக்கத்திலும் அதே படம், அதே நிறம், இடம் வலம் மாறித் தெரியும். மேலே நூல் நுனிகள் தாடிபோலத் தொங்கும். இரண்டு நிறங்கள் நேர்க்கோட்டில் சந்திக்கும் இடங்களில் சின்ன வெடிப்பு விழும், அதை ஊசியால் தைத்து மூடுவார்கள். அந்தத் தையலும் தெரியும். இன்னொன்று, படத்தைப் பக்கவாட்டில் வைத்து நெய்வதால், சுவரில் தொங்கும்போது நெசவின் வரிகள் கிடையாக ஓடும்.

ஜக்கார்டில் இயந்திரம் எல்லா நிற நூல்களையும் துணி முழுக்க ஓடவிட்டு, தேவையானதை மட்டும் மேலே தூக்கும். மிச்சம் பின்னால் ஒளிந்திருக்கும். அதனால்தான் கோடுகளும் மாறிய நிறங்களும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லியோன் நகரத்து ஜக்கார் துளையிட்ட அட்டைகளை வைத்துச் செய்த தறியின் வழிவந்த முறை இது. காஞ்சிபுரப் பட்டு கைத்தறியில் நெய்ததாக இருந்தாலும், கரையிலும் முந்தானையிலும் உள்ள வேலைப்பாடு பெரும்பாலும் இதே ஜக்கார்டு முறையில்தான் விழுகிறது. கூறைச்சேலை எடுக்கப் போனால் முந்தானையைப் புரட்டிப் பார்க்காமல் எங்கள் அம்மாமார் விலை பேசமாட்டார்கள். அந்தப் பழக்கம் இந்தத் துணிக்கும் அப்படியே பொருந்தும்.

இன்னொரு விஷயம் எனக்கு உண்மையிலேயே கோபம் வரச் செய்தது. எங்கள் துணியில் இலைகள் பச்சையாக இல்லாமல் நீலம் கலந்து இருந்தன. "பழைய சாய முறை, அதனால்தான் நீலம்" என்று விற்றவர் சொன்னார். பழைய வெர்தூர்களில் இலைகள் நீலமாகத் தெரிவதற்குக் காரணம் வெளிச்சம். அந்தக் காலத்தில் பச்சைக்குத் தனிச் சாயம் இல்லை. நீலத்தின்மேல் செடியிலிருந்து எடுத்த மஞ்சளை ஏற்றிப் பச்சையாக்குவார்கள். மஞ்சள் வெளிச்சத்துக்கு முதலில் மங்கும், நீலம் மிஞ்சும். உண்மையான பழைய துணியின் பின்பக்கத்தில் வெளிச்சம் படாததால் பச்சை இன்னும் பச்சையாகவே இருக்கும். புதிதாக நெய்த துணியில் இலை நீலமாக இருந்தால், அந்த மங்கலை ஆலையில் கணினிக்குச் சொல்லிக் கொடுத்து நெய்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். பழமையையே நிறமாகக் கலந்து விற்கிறார்கள்!

காடாத் துணியை இன்னும் கொஞ்சம் பிரித்தபோது, ஓரத்தில் வெட்டி எடுத்த சீட்டின் அடிப்பகுதி தையலுக்குள் மாட்டியிருந்தது. "பருத்தி, விஸ்கோஸ், பொலியெஸ்டர்" என்று மூன்று சொற்கள். கம்பளி என்ற சொல்லே இல்லை. அடுத்து, படத்தை இணையத்தில் போட்டுத் தேடினேன். அதே கொக்கு, அதே கோட்டை, அதே அளவு, ஜக்கார்டு என்று ஒளிக்காமல் எழுதி, 300 யூரோவுக்கும் குறைவாக இன்னொரு கடையில் கிடக்கிறது.

சரி, திருப்பிக் கொடுக்கலாம் என்றால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. இணையத்தில் வாங்கினால் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம். சந்தைகளில் அந்த உரிமை இல்லை. அதை வாங்குபவருக்குத் தெரியும்படி ஏ3 அளவுக்குக் குறையாத பலகையில் விற்பவர் எழுதி வைக்கவேண்டும் என்பது சட்டம். பலகை இருந்தது, தொங்கிய துணிகளுக்குப் பின்னால். ஆகவே "மனம் மாறிவிட்டது" என்று சொல்லி ஒன்றும் நடக்காது. பொருள் சொன்னபடி இல்லை என்று காட்டவேண்டும்.

அதற்குப் பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தால், வாயால் சொன்னது ஒன்றும் அதில் இல்லை. "அலங்காரச் சுவர்த் துணி, ஒபுசோன் ஸ்டீல்", அதாவது ஒபுசோன் பாணி, என்று இருந்தது. கலைப்பொருள் விற்பனையில் ஏமாற்றைத் தடுக்க 1981 மார்ச் 3இல் வந்த ஓர் ஆணை இருக்கிறது. அதன்படி "ஸ்டீல்", "தப்ரே", "ஜோன்ர் த" போன்ற சொற்களுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. அதாவது பாணி, ஒருவரின் படத்தைப் பார்த்துச் செய்தது, அந்த வகையைச் சேர்ந்தது என்பவை. இதே ஆணை, பழம்பொருளோ கலைப்பொருளோ விற்பவர், வாங்குபவர் கேட்டால் பொருளின் தன்மை, எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது, எந்தக் காலம் என்று பற்றுச்சீட்டில் எழுதித் தரவேண்டும் என்றும் சொல்கிறது. "கையால் நெய்தது, கம்பளி, ஒபுசோனில்" என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். எழுதத் தயங்குபவரிடம் அதற்குமேல் கதைக்க ஒன்றும் இல்லை.

எங்களைக் கொஞ்சமாவது காப்பாற்றியது ஒரு குறுஞ்செய்தி. வாங்கும் முன் என் கணவர் துணியை எப்படித் துவைப்பது என்று கேட்டு அனுப்பியிருந்தார். "கையால் நெய்த கம்பளி, தண்ணீரில் போடவேண்டாம்" என்று விற்றவர் பதில் எழுதியிருந்தார். புதிய பொருளுக்கு இரண்டு வருடச் சட்ட உத்தரவாதம் உண்டு, பொருள் விற்றவரின் விவரிப்போடு ஒத்துப்போகவேண்டும் என்பதும் அதில் அடக்கம். அந்தச் செய்தியின் படத்தை இணைத்துப் பதிவுத் தபால் அனுப்பினோம். முதலில் பதில் இல்லை. பிறகு தொலைபேசியில் "மதாம் தவறாக விளங்கிக்கொண்டீர்கள்" என்றார். கடைசியில் 400 யூரோவுக்கு அவருடைய கடையிலேயே வேறு பொருள் எடுக்கலாம் என்று ஒரு கடிதம். இன்னொரு துணி எடுக்க எங்களுக்கு என்ன விசரா?

அரசின் "சிக்னல் கொன்சோ" தளத்தில் முறைப்பாடு போட்டோம். அது காசை வாங்கித் தராது, ஆனால் மோசடியைக் கவனிக்கும் துறைக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு வியாபாரியும் தனக்கு ஒரு நுகர்வோர் மத்தியஸ்தரை வைத்திருக்கவேண்டும், அவர் பெயரைத் தெரியப்படுத்தவேண்டும். எங்கள் ஆள் அதைக்கூட எழுதவில்லை. அதனால் நீதிமன்றத்தோடு சேர்ந்து இலவசமாகச் சமரசம் செய்து வைப்பவரிடம் போயிருக்கிறோம். 5,000 யூரோவுக்கு உட்பட்ட பிணக்கில் வழக்குப் போடமுன் இப்படி ஒரு சமரச முயற்சி எப்படியும் தேவை.

உண்மையானதை எப்படி அறிவது என்று கேட்பவர்களுக்கு: ஒபுசோனில் நெய்த நவீனத் தபிஸ்ரியின் பின்பக்கத்தில் "பொல்துக்" என்ற துணிச்சீட்டு தைத்திருக்கும். படத்தின் பெயர், ஓவியர், பட்டறை, அளவு, எத்தனையில் எத்தனையாவது பிரதி, கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். வரிச் சட்டப்படி ஒரே மாதிரி ஓவியத்திலிருந்து கையால் நெய்த எட்டுப் பிரதிகள் வரைதான் கலைப்படைப்பாக எடுத்துக்கொள்ளப்படும். 2018இலிருந்து "ஒபுசோன் தபிஸ்ரி" என்பது பாதுகாக்கப்பட்ட புவிசார் குறியீடும்கூட. வாங்கும் எண்ணம் இருந்தால் முதலில் ஒபுசோனில் 2016இல் திறந்த தபிஸ்ரி காட்சியகத்துக்குப் போய் ஒரு நாள் நின்று பாருங்கள். அவ்வளவு தூரம் முடியாவிட்டால் பாரிஸ் க்ளூனி அருங்காட்சியகத்தில் "ஒற்றைக்கொம்புக் குதிரையும் சீமாட்டியும்" ஆறு துணிகள் இருக்கின்றன. 1500ஐ ஒட்டிய காலத்தவை, க்ரூஸ் பக்கத்துப் புசாக் கோட்டையில் கிடந்தவை, 1882இல் இங்கே வந்தன. கண் ஒருமுறை பழகிவிட்டால் சந்தைத் துணி உடனே தட்டையாகத் தெரியும்.

ஜக்கார்டு கூடாத பொருள் என்று நான் சொல்லவரவில்லை. வடபிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் நல்ல ஆலைகள் இருக்கின்றன. சில நூறு யூரோவுக்கு, ஜக்கார்டு என்று எழுதி விற்றால் தாராளமாக வாங்கலாம், எதிரொலியும் கொஞ்சம் குறையும். துணியில் நெய்யாமல் அச்சடித்து, நூல் வரி தெரிகிற மாதிரி விற்பதும் உண்டு. அதைப் பிடிக்க ஒரு நூலைப் பிரித்துப் பாருங்கள். நிறம் மேலே மட்டும் இருந்தால் அச்சு.

யாராவது ஏற்கனவே இப்படி மாட்டிக்கொண்டிருந்தால், துணியை மடிக்காமல் படம் வெளிப்பக்கம் இருக்கும்படி உருளையில் சுற்றி வையுங்கள். காடாத் துணியைக் கழற்றி எறிய வேண்டாம், பிரித்த தையலை அப்படியே விடுங்கள், சீட்டின் மிச்சத்தை வெட்டாதீர்கள். சமரசம் செய்பவர் எங்களிடம் முதலில் பார்க்கக் கேட்டது அந்த மூலையைத்தான்.