உதகை வீட்டுக் குளிருக்கு ஆயில் ஹீட்டரா, ஹாட் அண்ட் கோல்டு ஏசியா?

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில், மார்கழி, தை மாத உறைபனியைச் சமாளிக்க வீட்டுக்கு என்ன வாங்குவது என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. உள்ளே அடைத்திருக்கும் எண்ணெயை மின்சாரத்தால் சூடேற்றும், சக்கரத்தில் உருட்டி எந்த அறைக்கும் கொண்டுபோகக்கூடிய ஆயில் ஹீட்டர் ஒன்று; சுவரில் மாட்டி இரு பருவத்துக்கும் இயக்கக்கூடிய ஹாட் அண்ட் கோல்டு ஏசி மற்றொன்று. கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, அது உயிரையே பறித்துவிடும்.

ஹீட்டரில் ஒரு யூனிட் மின்சாரம் ஒரு யூனிட் வெப்பமாக மட்டுமே மாறும். ஏசியோ வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை உள்ளே இழுத்து வருவதால், மிதமான குளிரில் அதே ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் தரக்கூடும். போதிய சூடு வந்ததும் தெர்மோஸ்டாட் என்ற தானியங்கி விசை நிறுத்தி வைக்கும் நேரம் போக, 2,000 வாட் ஹீட்டர் இரவுக்கு 5 மணி நேரம் ஓடினால் 10 யூனிட். இரண்டு மாதத்தில் 600 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுகளோடு கீழ்ப்படியில் உள்ள சில யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடுகிறது என்பதால், பில் எதிர்பார்த்ததைவிட வேகமாக உயரும்.

ஆனால் குளிர் மிகக் கடுமையான விடியற்காலையில்தான் ஏசி தடுமாறுகிறது. வெளியே இருக்கும் யூனிட்டின் தகடுகளில் வெள்ளையாகப் பனி படிந்துவிட, அதை உருக்குவதற்காக இயந்திரம் சில நிமிடங்கள் எதிர்த்திசையில் ஓடுகிறது. அந்த நேரத்தில் அறைக்குள் சூடான காற்று வருவது நின்றுவிடும். மலையில் காற்றின் அடர்த்தியும் குறைவாதலால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் திறன் முழுதாகக் கிடைக்காது. சுவரின் மேற்பகுதியில் மாட்டுவதால் சூடான காற்று கூரையோடு தங்கிவிட, உயரமான கூரையுள்ள பழைய பங்களாக்களில் கால்கள் சில்லென்றே இருக்கும். ஆயில் ஹீட்டரோ தரைமட்டத்திலிருந்து, சத்தமும் காற்றோட்டமும் இல்லாமல் சூடேற்றுகிறது; அறை சூடாகத்தான் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். குழந்தையும் முதியவரும் உறங்கும் அறைக்கு அதுவே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

ஹீட்டரை 16 ஆம்பியர் பிளக்கில் நேரடியாகச் சொருக வேண்டும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினால் சாக்கெட் சூடேறிக் கருகிவிடும். மழைக்காலத்தில் துணி உலராதபோது ஹீட்டரின்மேல் துண்டைப் போட்டு வைப்பதும் ஆபத்தானதே.

நாள் முழுவதும் ஆட்கள் புழங்கும் கூடத்துக்கு, சொந்த வீடாக இருந்தால், ஏசிக்குக் கொடுக்கும் கூடுதல் விலை மின்கட்டணத்தில் திரும்ப வந்துவிடும். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க உரிமையாளர் சம்மதிக்காவிட்டால், ஹீட்டரைத் தவிர வேறு வழியில்லை.