பழைய ஜீப்பை அசல் நிலைக்குக் கொண்டுவர எதை வாங்கலாம்? ஃபோர்டு, மஹிந்திரா, ஜோங்கா, ஜிப்ஸி: ஓர் ஒப்பீடு

பழைய ஜீப் ஒன்றை வாங்கி, ஃபேக்டரியை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே கொண்டுவர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நம் நாட்டில் நடைமுறையில் நான்கு வண்டிகள்தான் கைக்கு எட்டும். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்பி அல்லது அதன் இரட்டையான ஃபோர்டு ஜிபிடபிள்யூ, மஹிந்திராவின் சிஜே-3பி, ராணுவத்தின் ஜோங்கா, மாருதி ஜிப்ஸி. அகலமான டயரும் எல்இடி விளக்கும் போட்டு ஓட்டப்போகிறவர் எதை வாங்கினாலும் சரிதான். அசல் நிலை வேண்டும் என்பவர் பார்க்க வேண்டியது வேறு. வண்டியோடு வந்த சாமான் எவ்வளவு இன்னும் அதில் இருக்கிறது? போனது இனி எங்கே கிடைக்கும்?

போர்க்கால ஜீப்பில் ஆசையும் அதிகம், ஏமாறும் வாய்ப்பும் அதிகம். 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி இது. 2.2 லிட்டர், 60 குதிரைத் திறன், 6 வோல்ட் மின்சாரம். போர் முடிந்து இங்கேயே தங்கிவிட்டவை பல கை மாறி, எண்பது வருடத்தில் பாடி மாறி, என்ஜின் மாறி வந்திருக்கின்றன. ஹரியானாவின் மண்டி டப்வாலியில், போர்க்கால ஜீப் போல என்ஜின் மூடி தாழ்ந்த ‘லோ பானட்’ பாடியைப் புதுத் தகட்டில் அடித்துத் தருகிறார்கள். அந்த வேலைத்திறமைக்கு நான் மரியாதை வைத்திருக்கிறேன். ஆனால் அதன் மேல் அமெரிக்க ராணுவ நட்சத்திரம் வரைந்து ‘1942 ஃபோர்டு’ என்று விற்கும்போதுதான் விவகாரம் ஆரம்பிக்கிறது.

பெயிண்டைப் பார்க்காதீர்கள், கீழே குனியுங்கள். ரேடியேட்டருக்கு அடியில் சேஸிஸின் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். பெட்டி போலக் கோணமாக இருந்தால் ஃபோர்டு. சேஸிஸ் எண் ஃபோர்டில் இடது சட்டத்தின் மேல்பக்கம், என்ஜினுக்குப் பக்கத்தில் நேரடியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். வில்லிஸில் முன் பம்பருக்குப் பின்னால் இடது சட்டத்தில் ஒரு சின்னத் தகடாக அறைந்திருப்பார்கள். ஃபோர்டு தன் போல்டுகளில்கூட ‘எஃப்’ என்ற எழுத்தைப் போட்டது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கிரீஸைத் துடைத்தால், ஒரிஜினல் போல்ட் தலையில் அந்த எழுத்து மேலெழும்பித் தெரியும். அப்படி நான்கைந்து போல்ட் கண்ணில் பட்டால் மேற்கொண்டு பேசலாம். டாஷ்போர்டில் உள்ள தகடுகளை மட்டும் சாட்சியாக வைக்க வேண்டாம், அவை புதிதாகவே விலைக்குக் கிடைக்கின்றன. இன்னொன்று: இந்த ஜீப்புகள் எல்லாமே இடது பக்க ஸ்டீயரிங்கோடுதான் வந்தன. வலது பக்கம் இருந்தால், யாரோ மாற்றியிருக்கிறார்கள், அல்லது அது போர்க்கால வண்டியே இல்லை. பின்னால் திறக்கும் கதவு இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

தரைத் தகட்டையும் தட்டிப் பார்க்க வேண்டும். அதைத் தாங்கும் பட்டைகளுக்குள் மரக்கட்டை வைத்திருந்தார்கள். மரம் ஈரத்தைக் குடித்து உள்ளேயிருந்தே தகட்டை அரித்துவிடும், மேலே பளபளப்பாகவே இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு இந்த வண்டிக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. உலகம் முழுக்க ரசிகர்கள் இருப்பதால் ஏறக்குறைய எல்லாச் சாமானும் மறுபடி தயாராகிறது, முழு பாடியே பிலிப்பைன்ஸில் செய்கிறார்கள். காசு இருந்தால் எதுவும் வரும். தடை வேறு இடத்தில் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி, பாதுகாப்புத் துறையைத் தவிர வேறு யாருடைய வாகனத்துக்கும் ஆலிவ் கிரீன் நிறம் கூடாது என்கிறது. அசல் நிறமே சாலையில் சட்டவிரோதம். இதை ஏற்றுக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஜோங்காவுக்கும் இதே கதை.

ஜோங்கா ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் உருவானது. அடிப்படை, ஜப்பானின் ‘நிசான் பேட்ரோல்’ என்ற ஜீப். நான்கு லிட்டருக்குச் சற்றே குறைந்த ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். கனத்த தகடு, பெரிய உடம்பு. 1999-ல் உற்பத்தி நின்றது. ராணுவம் ஏலம் விட்டு வெளியே வந்தவைதான் பெரும்பாலும், எனவே ஏலக் காகிதத்திலிருந்து ஆர்சி வரை சங்கிலி அறுபடாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெட்ரோல் குடிப்பது தாங்காமல் நிறையப் பேர் டீசல் என்ஜினை இறக்கிவிட்டார்கள். அந்த ஆறு சிலிண்டர் போய்விட்ட ஜோங்காவை நான் அசல் நிலைக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். அந்த என்ஜின் இருந்தால், ராணுவத்தின் நிசான் ஒன் டன் வண்டியிலும் அதே குடும்பத்து என்ஜின்தான் என்பதால் உடைந்த வண்டிகளிலிருந்து சாமான் தேடலாம். இடமும் பொறுமையும் இருப்பவருக்கான வண்டி.

ஜிப்ஸியைப் ‘பழைய வண்டி’ பட்டியலில் சேர்க்கப் பலர் தயங்குகிறார்கள். நான் தயங்கமாட்டேன். 1985 கடைசியில் வந்த முதல் எம்ஜி410, 970 சிசி, நான்கு கியர். அப்போது விற்றதில் மாற்றப்படாமல் மிச்சமிருப்பது மிகக் குறைவு. ராலிக்கு, மலையேற்றத்துக்கு என்று எல்லாரும் உயர்த்தி, பம்பர் மாற்றி, பின்னாளில் வந்த 1.3 லிட்டர் என்ஜினைப் போட்டுவிட்டார்கள். மெக்கானிக் எந்த ஊரிலும் கிடைப்பார், என்ஜின் சாமானும் கிடைக்கும். கிடைக்காமல் அலைக்கழிப்பது ஆரம்பகால சீட் துணி, டாஷ்போர்டு, ஸ்டீல் வீல் போன்றவைதான். ஆகவே உள்ளே எதுவும் கலையாத, கொஞ்சம் துரு ஏறிய எம்ஜி410 அகப்பட்டால் விட்டுவிடாதீர்கள். துருவை டிங்கர் பார்த்துக்கொள்வார்.

நான் கடைசிவரை நிற்பது சிஜே-3பி பக்கம். இது நம்மிடையே வாழ்ந்த வண்டி. அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரை தயாரானதை மஹிந்திரா அதற்குப் பிறகும் பல வருடம் இங்கே செய்துகொண்டிருந்தது. உள்ளே இழுக்கும் வால்வு தலைக்கு மேலும், வெளியேற்றும் வால்வு பிளாக்கிலும் இருக்கும் ஹரிக்கேன் என்ஜின், போர்க்கால என்ஜினைவிட உயரம். அது உள்ளே அடங்கத்தான் பானட்டை உயர்த்தினார்கள், ‘ஹை பானட்’ என்ற பேர் வந்தது. அழகில் போர்க்கால ஜீப்புக்குக் குறைவு என்பார்கள். எனக்கு அந்த நிமிர்ந்த முகம்தான் பிடிக்கும்.

இந்த வண்டியில் நடந்த அட்டூழியம் இரண்டு வகை. பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் என்ஜினை இறக்கியது ஒன்று. அதற்காக என்ஜின் மவுண்ட்டை அறுத்து, கியர் பாக்ஸை மாற்றி, ரேடியேட்டரை முன்னே தள்ளியிருப்பார்கள். இரண்டாவது, ஹை பானட்டை வெட்டி லோ பானட் ஆக்கிப் போர்க்கால ஜீப் மாதிரி காட்டுவது. அப்படிச் செய்ததில் பெரும்பாலும் என்ஜினும் போயிருக்கும், இரண்டு நஷ்டம். போடி, கம்பம் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப்புகளைப் போல, கூடுதல் சீட்டுக்காகச் சேஸிஸையே நீட்டியதும் உண்டு. டேப்பை எடுத்து முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை அளந்து பாருங்கள். 80 அங்குலம் வர வேண்டும். அதிகம் வந்தால் சேஸிஸின் நடுப்பகுதியில் வெல்டிங் தழும்பைத் தேடுங்கள்.

காகிதமும் இங்கேதான் முக்கியமாகிறது. 2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். சேஸிஸ், பாடி, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் பயன்படுத்த முடியாது. 70-களின் தொடக்கம் வரையிலான 3பி இந்த வயதைத் தாண்டிவிட்டது. ஜிப்ஸிக்கு 2035 ஆக வேண்டும். அடிக்கடி ஓட்ட ஆசை என்றால் சாதாரணப் பதிவிலேயே வைத்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதே நல்லது. எப்படியானாலும் ஆர்சியில் எரிபொருள் பெட்ரோல் என்றும் பானட்டுக்குள் டீசலும் இருந்தால், அட்வான்ஸ் கொடுக்குமுன் விற்பவரே அதைச் சரிசெய்து தர வேண்டும்.

ஒரு பக்கம் பெயிண்ட் மின்னும் டீசல் 3பி, இன்னொரு பக்கம் பாடி கிழிந்து ஹரிக்கேன் என்ஜினும் கியர் பாக்ஸும் அப்படியே இருக்கும் 3பி, விலை ஒன்றேதான் என்றால் நான் கிழிந்ததை எடுப்பேன். தகட்டை அடித்துக்கொள்ளலாம். அந்த என்ஜினை நல்ல நிலையில் தேடி சென்னை புதுப்பேட்டையிலும் ஊர் ஊராகக் காயலான் கடைகளிலும் அலைய வேண்டியிருக்கும். டீசல் வண்டிதான் கிடைத்தது என்றால், பேரம் முடிக்குமுன் விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: கழற்றிய பெட்ரோல் என்ஜின் எங்கே? எஸ்டேட் குடோனிலோ மாட்டுக்கொட்டகை ஓரத்திலோ சாக்கு மூடிக் கிடக்கலாம். இருந்தால் கார்ப்பரேட்டர், மவுண்ட், பழைய போல்ட் வரை எல்லாவற்றையும் சேர்த்தே விலை பேசுங்கள்.