ஐபேக் தூசு கணிப்பான்: சூப்பர்நோவா பார்ப்பவனின் நெடுநாள் அனுபவம்

சூப்பர்நோவாவின், அதாவது வெடித்துச் சிதறும் விண்மீனின், அசல் பிரகாசம் தெரிய வேண்டுமானால், வழியில் தூசு எவ்வளவு ஒளியை விழுங்கியது என்ற கணக்கு முதலில் வேண்டும். அதற்குப் பல ஆண்டுகளாக நான் திறப்பது, அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐபேக் வானியல் மையம் இணையத்தில் இலவசமாகத் தரும் கணிப்பானை. கேலக்ஸியின் பெயரை அடித்தால் போதும், அந்தத் திசையில் நம் பால்வீதித் தூசு ஏற்றும் சிவப்பு எவ்வளவு என்று, பிரகாசத்தை அளக்கும் மேக்னிட்யூட் அலகில், இரண்டு மதிப்புகள் வரும்: 1998 தூசு வரைபடத்தினுடையது, 2011 திருத்தத்தினுடையது. நான் எடுப்பது இரண்டாவதை. பழையது ஏறக்குறைய 14 விழுக்காடு கூட்டிக் காட்டும்.

2023இல் எம்101 கேலக்ஸியில் வெடித்த சூப்பர்நோவாவுக்கு அது சொன்ன அளவு 0.01கூட இல்லை. நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போகலாம்.

எம்82 கேலக்ஸிதான் தலைவலி. 2014 ஜனவரியில் அங்கே தெரிந்த எஸ்என் 2014ஜே என்ற சூப்பர்நோவா பற்றிப் பேசும்போது, கோலாலம்பூர் செந்தூலில் என்னோடு வானம் பார்க்கும் தம்பி ஒருவன், "அண்ணே, 0.14ன்னு வருது, அதக் கழிச்சிட்டா முடிஞ்சிச்சில்ல?" என்றான். எங்கே முடிவது! தூசு உமிழும் அகச்சிவப்பு ஒளியை வைத்துத்தான் இந்த வரைபடமே போட்டார்கள். எம்82 தானே அகச்சிவப்பில் ஜொலிக்கும் கேலக்ஸி. அதன் ஒளியும் கணக்கில் கலந்துவிட்டது. பால்வீதியின் உண்மைப் பங்கு அதில் பாதிகூட இல்லை. அதோடு, எம்82க்குள் இருக்கும் தூசு ஏற்றும் சிவப்பு 1.2க்கும் மேல். அதைப் பற்றிக் கணிப்பான் வாயே திறக்காது.

அதை நிறத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். 2014ஜே போன்ற ஐஏ வகை, அதாவது வெண்குறு விண்மீன் வெடிக்கும் வகை, உச்சத்தில் இருக்கும்போது நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள வேறுபாடு சுழியை ஒட்டி இருக்கும். கூடுதல் சிவப்பு தூசின் கைவரிசை. சிவப்பை ஒளி மறைப்பாக மாற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். பால்வீதிக்குரிய 3.1ஆல் பெருக்கினால் மறைப்பு 3.7 மேக்னிட்யூட். ஆனால் 2014ஜேக்குப் பொருந்தியது 1.4 அளவில்தான், அப்படியென்றால் 1.7. பெருக்கும் எண் மாறியதில் பிரகாசம் ஆறு மடங்குக்கு மேல் தள்ளிப்போகிறது!

கோலாலம்பூரில் எம்82 வடக்கே 23 பாகைக்கு மேல் ஏறாது, புகைமூட்டம் வேறு. காற்றும் புகையும் ஏற்றும் சிவப்புக்குப் பயப்பட வேண்டாம். அதே படத்திலுள்ள, பிரகாசம் தெரிந்த ஒப்பீட்டு விண்மீனும் அதே காற்றைத்தான் கடந்து வருகிறது, பெரும்பகுதி கழிந்துவிடும். தூசை அளக்க நிறமாலையிலுள்ள சோடியக் கோடுகளைப் பார்ப்பதும் உண்டு; அவற்றை நான் நம்புவதில்லை. தூசு அடர்ந்தால் அவை செறிந்துபோய், மேற்கொண்டு ஆழமாவதே இல்லை.

கணிப்பானைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பால்வீதித் தளத்துக்கு 5 பாகைக்குள் வரும் எண்ணை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள்.