ராப் பிடிக்காதவர்கள் முதலில் கேட்க வேண்டிய ஆல்பம்: 'தி லோ எண்ட் தியரி'

ராப் எனக்கு ஆகாது என்று இருபது வருஷம் உறுதியாக இருந்தேன். இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று தேடித் தேடிக் கேட்டு வளர்ந்தவன் நான். மெட்டே இல்லாமல் ஒருவர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனால் அதை எப்படிப் பாட்டு என்பது? முயற்சி செய்யாமலும் இல்லை. ஒரு ஆப்பில் இருந்த ராப் பிளேலிஸ்ட்டை ஒரு வாரம் முழுக்க பஸ்ஸில் போகும்போது கேட்டேன். பாட்டுக்குப் பாட்டு பணம், கார், எதிரியைத் திட்டுவது, மறுபடியும் பணம். நிறுத்திவிட்டேன்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா மகன்தான் தன் ஹெட்போனை எடுத்து என் காதில் மாட்டினான். "மாமா, வார்த்தை புரியலைன்னு கவலைப்படாதீங்க, பேஸை மட்டும் கேளுங்க" என்றான். எனக்குச் சரியான வழி அதுதான் என்று அவனுக்கு எப்படித் தெரிந்ததோ! அன்று அவன் போட்டது 'எ ட்ரைப் கால்டு குவெஸ்ட்' குழுவின் 'தி லோ எண்ட் தியரி'. 1991 செப்டம்பரில் வந்த ஆல்பம், 14 பாட்டு, மொத்தம் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் சின்ன வயசிலிருந்தே ஒன்றாகத் திரிந்த இரண்டு பேர்தான் இதில் ராப் பாடுகிறார்கள், கியூ-டிப்புக்கு அப்போது 21, ஃபைஃப் டாக்குக்கு 20. இசைத்தட்டைச் சுற்றவிடும் டர்ன்டேபிள் பக்கம் அலி ஷஹீத் முகம்மது.

முதல் பாட்டு 'எக்ஸ்கர்ஷன்ஸ்'. ஆரம்பத்தில் ஆள் உயரத்துக்கு நிற்கும் தந்தி வாத்தியமான டபுள் பேஸ் ஒன்று மட்டும்தான், வேறு எதுவுமே இல்லை. மரத்தின் அதிர்வும் தந்தியில் விரல் படும் சத்தமும் தனியாகக் கேட்கிறது. ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் குழு 1973ல் பதிவு செய்த ஒரு இசையிலிருந்து வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டிருக்கிறார்கள். அந்தப் பேஸ் மேலேயே கியூ-டிப் பேச ஆரம்பிக்கிறார். தான் ஹிப்-ஹாப், அதாவது இந்த ராப் இசையைக் கேட்பதைப் பார்த்த அப்பா, இது பீபாப் ஜாஸ் மாதிரியே இருக்கிறதே என்றாராம். எல்லாம் சுற்றிச் சுற்றி வருவதுதானே அப்பா என்று மகன் பதில் சொல்கிறார். அதற்கு அப்புறம்தான் டிரம்ஸ் விழுகிறது. அந்த இடத்தில் என் தலை தானாக ஆடியது. பேஸுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் குரலும் இன்னொரு தாள வாத்தியமாக ஓடுகிறது என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது. அதுவரை நான் அந்தக் குரலில் மெட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது பாட்டில் பேஸ் வாசித்திருப்பவர் ரான் கார்ட்டர், அதுவும் நேரடியாக ஸ்டுடியோவுக்கு வந்து. அறுபதுகளில் ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்த அதே ரான் கார்ட்டர். ஜாஸ் தெரிந்த யாராவது ராப்பை இளப்பமாகப் பேசினால் இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள்.

இரண்டு குரல்களையும் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கியூ-டிப்பின் குரல் மூக்கில் தொட்டு வரும், வழுக்கிக்கொண்டு போகும். ஃபைஃபின் குரல் உச்சத்தில் இருக்கும், ஒவ்வொரு சொல்லையும் சுண்டிவிட்டது போல் வரும். ஒன்பதாவது பாட்டு 'செக் த ரைம்'ஐக் கேளுங்கள். ஒருவர் கேள்வி கேட்க மற்றவர் பதில் சொல்ல, தெருமுனையில் நின்று பேசிக்கொள்வது போலவே இருக்கும். அவர்கள் அதில் நினைத்துப் பார்க்கும் லிண்டன் புளூவார்டில் ஒரு முனைக்கு இப்போது ஃபைஃபின் பெயரையே வைத்திருக்கிறார்கள். சர்க்கரை நோயோடு பல வருஷம் போராடி 2016ல் 45 வயசில் இறந்துபோனார். இந்த ஆல்பத்தில் அவர் சிரித்துக்கொண்டு பாடும் இடங்களைக் கேட்டால் எனக்கு இப்போது மனசு கனத்துவிடுகிறது.

வார்த்தைகளை மூன்றாவது, நான்காவது தடவையில்தான் கவனித்தேன். நம் செய்யுளில் எதுகை அடியின் முதல் சீரிலேயே வந்து நிற்கும், காது அங்கேயே பிடித்துக்கொள்ளும். ராப்பில் பெரும்பாலும் நம் இயைபு மாதிரி வரியின் கடைசியில் வந்து விழும். அதனால் எங்கே முடிக்கப் போகிறார் என்று காத்துக்கொண்டே கேட்கிறோம். இது பிடிபட்டதும் ஆங்கிலம் பாதி புரியாவிட்டாலும் சுவை குறையவில்லை. வரிகளை எழுத்தில் பார்த்துக்கொண்டு ஒரு தடவை கேட்டால் மீதியும் வந்துவிடும்.

குறையும் இருக்கிறது. 'ஷோ பிசினஸ்' இசைத்தொழிலில் நடக்கும் ஏமாற்றைப் பற்றியது, கோபம் நியாயம்தான், ஆனால் வெளியாளுக்குச் சீக்கிரம் அலுக்கும். பேஜரைப் பற்றிய 'ஸ்கைபேஜர்' காலத்தோடு போய்விட்டது. எட்டாவது பாட்டு பெண்ணின் சம்மதம் பற்றிப் பேச வருகிறது. எடுத்த விஷயம் முக்கியமானது, ஆனால் அதில் பெண்களைப் பற்றிப் போகிற போக்கில் அடிக்கும் கிண்டல் எனக்கு ஒட்டவில்லை. கெட்ட வார்த்தை அங்கங்கே உண்டு என்றாலும், நான் முன்பு கேட்ட பிளேலிஸ்ட்டோடு ஒப்பிட்டால் ரொம்பக் கம்மி.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன், போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். லோ எண்ட் என்பதே பேஸ் ஒலிக்கும் கீழ்ப்பகுதிதான், போன் ஸ்பீக்கரில் அது அப்படியே காணாமல் போய்விடும். அப்புறம் இது வெறும் பேச்சுதானே என்றுதான் தோன்றும். விலை உயர்ந்த ஹெட்போன் தேவையில்லை, என்னிடம் இருப்பது சாதாரண வயர் ஹெட்செட்தான். ஷஃபிளை அணைத்துவிட்டு முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் போங்கள். கடைசிப் பாட்டு 'சினாரியோ'வை மட்டும் முதலில் போட்டுவிடாதீர்கள். பஸ்டா ரைம்ஸ் என்ற இன்னொரு ராப்பர் உள்ளே வந்து கர்ஜிக்கும் பாட்டு அது. காது பழகாதபோது கேட்டால் வெறும் கத்தல், பதிமூன்று பாட்டைத் தாண்டி வந்து கேட்டால் திருவிழா.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். நான் அடுத்ததாக எடுத்தது நாஸ் என்பவரின் 'இல்மேட்டிக்', 1994ல் வந்தது. அவரும் குயின்ஸ்காரர்தான். பத்தே பாட்டு, நாற்பது நிமிஷம். இதைவிட இருண்ட ஆல்பம். மூன்றாவது பாட்டின் முடிவில் சின்ன ட்ரம்பெட் மாதிரியான கார்னெட்டை வாசிப்பவர் நாஸின் அப்பா ஒலு டாரா. ஏழாவது பாட்டு சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதங்கள். அதற்கு இசை யார் என்று பார்த்தால், நம் கியூ-டிப்.